தொடுகையே விடுதலை

எனக்குக் கலை மேல் எந்தப் பகையும் கிடையாது. அது பாட்டுக்கு அது இருக்கட்டும், நான் பாட்டுக்கு நான் இருக்கிறேன் என்று இத்தனை வருஷமும் மரியாதையாக ஒதுங்கியே இருந்தவன் நான். வம்பு அதன் பக்கத்திலிருந்துதான் வந்தது.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கடையைத் திறந்ததிலிருந்து பூட்டுகிற வரைக்கும் நான் அதிகமாகச் சொல்வது, "கண்ணாடியைத் தொடாதீங்க." ஃபிரேமைப் பிடித்துப் பாருங்கள் என்றால் நம் ஜனங்கள் கட்டைவிரலை நேராகக் கண்ணாடியின் நட்டநடுவில்தான் வைப்பார்கள். நான் துடைப்பேன். மறுபடி வைப்பார்கள். இப்படித் துடைத்துத் துடைத்தே பாதி ஆயுசைத் தொலைத்தவனைப் பிடித்து, "தொடு, தொடாவிட்டால் விடமாட்டோம்" என்று ஒரு கூட்டம் மல்லுக்கு நின்றது என்றால் நம்புவீர்களா?

அன்றைக்கு நான் கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பியது என் தங்கச்சியைப் பார்க்க. அவளும் மாப்பிள்ளையும் வெளிநாட்டுக்கே குடிபோகிறார்கள். விமானம் ஏறுகிற ஊருக்குப் போகும் ரயில் எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. ரெண்டு வருஷமாக என்னோடு பேசாதவள் முந்தின நாள் போன் செய்து, "உங்க ஊர்ல எஞ்சின் மாத்துவாங்களாம், கொஞ்ச நேரம் நிக்குமாம். வந்தா வா, வராட்டிப் போ" என்றாள். எங்கள் குடும்பத்தில் இது காலில் விழுந்து கூப்பிடுவதற்குச் சமம்.

சண்டை எதற்கு என்று கேட்பீர்கள். மாப்பிள்ளை பாடுவார். ஒரு நாள் வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துப் பாடினார். நான் தூங்கிவிட்டேன். தூங்கியதோடு நின்றிருந்தால் பிழைத்திருப்பேன், குறட்டையும் விட்டேனாம். மறுநாள் சமாதானம் செய்யப் போய், "பாட்டு நல்லா இருந்ததாலதாம்மா தூக்கம் வந்துச்சு" என்றேன். அதோடு வாசல் சாத்தியாகிவிட்டது.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. கோபம் வந்தால் மற்றவர்கள் தங்கள் விரலைச் சொடுக்குவார்கள். அவள் என் விரலைச் சொடுக்குவாள். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். அம்மா திட்டினாலும், பரீட்சை சரியாக எழுதாவிட்டாலும் என் கையை இழுத்துவைத்துக்கொண்டு கட்டைவிரலிலிருந்து ஒவ்வொன்றாக 'டக், டக்' என்று எடுப்பாள். என் சுண்டுவிரல் மட்டும் என்ன முறுக்கினாலும் சத்தம் போடாது. அந்தக் கடுப்பில் அதன் நுனியில் ஒரு கிள்ளு கிள்ளிவிட்டுப் போவாள். ரெண்டு வருஷமாக என் விரல்களுக்கு ஓய்வு. அந்த ஓய்வு எனக்குப் பிடிக்கவே இல்லை.

ஸ்டேஷனுக்கு முன்னதாகவே போய்விட்டேன். ரயில் தாமதம் என்றார்கள். மழை வேறு பிடித்துக்கொண்டது, கூரை ஒழுகாத இடத்திலெல்லாம் ஏற்கெனவே ஆள் இருந்தார்கள். எதிர்ச் சாரியில் ஒரு கலைக்கூடம். தங்கச்சிக்குப் போன் போட்டு, "எதிர்ல கலைக்கூடம்னு ஒண்ணு இருக்கும்மா, அங்க உட்கார்றேன். ரயில் உள்ள நுழையும்போது கூப்பிடு, ஓடி வந்துடறேன்" என்றேன்.

"ஓடி வர்ற ஆளைப் பாரு. அங்கயும் தூங்கிடாதே" என்று சொல்லி வைத்துவிட்டாள். கிண்டல் செய்கிறாள் என்றால் பாதி சமாதானம் ஆகிவிட்டது என்று அர்த்தம். எனக்கு மழையில் நனைந்தது கூடச் சுகமாக இருந்தது.

கலைக்கூட வாசலில் ஒரு அம்மாள் மேஜை போட்டு உட்கார்ந்து டிக்கெட் விற்றுக்கொண்டிருந்தார். "பை, குடை, கடிகாரம், போன் எல்லாத்தையும் குடுங்க."

"போன் வேணுமேம்மா. தங்கச்சி கூப்பிடுவா."

"ரெண்டு கையும் காலியா இருக்கணும் சார். அப்பதான் அனுபவம் ஏறும்."

"எங்க ஏறும்?"

"உள்ள போனா சொல்வாங்க."

"சரி, மணி அடிச்சா ஒரு குரல் குடுங்கம்மா."

"ஒப்படைச்ச பொருளை நாங்க தொடக்கூடாது சார்" என்று சொல்லிவிட்டு, என் போனை நானே ஒரு பெட்டிக்குள் வைக்கும்படி கண்ணால் காட்டினார். வைத்தேன். புத்தி எங்கே போயிற்று என்று இப்போது கேட்டு என்ன பிரயோஜனம்?

உள்ளே போனதும் கதவு எனக்குப் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது. நீளமான அறை. நடுவில் ஒரு வெள்ளைச் சுவர், கோடியிலிருந்து கோடி வரைக்கும். சுவரில் வரிசையாக ஓட்டைகள், ஒவ்வொன்றிலும் சட்டைக்கை மாதிரி ஒரு துணி உள்பக்கமாகத் தைத்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கமும் இதே மாதிரி ஓர் அறை இருக்கிறதாம், அதற்கு வேறு வாசலாம். அறையின் கடைசியில் ஒரு இரும்புத் தடுப்பு, அதன் மேல் சிவப்பு விளக்கு. உட்கார ஒரு பெஞ்சு கூடக் கிடையாது.

சுவரில் படைப்பின் பெயர் எழுதியிருந்தது: 'தொடுகையே விடுதலை.' கீழே விளக்கம்: 'கை என்பது மனிதன் உலகத்திடம் நீட்டும் கேள்வி. சுவர் என்பது உலகம் திருப்பி நீட்டும் மௌனம். இரண்டுக்கும் நடுவே நிகழ்வது நீங்கள்.' ஒரு தடவை படித்தேன். என் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தேன். பவர் சரியாகத்தான் இருந்தது.

இன்னும் கொஞ்சம் கிட்டே போனேன். காதைக் கிழிக்கிற மாதிரி ஒரு விசில்.

"தொடாதீங்க!"

திரும்பினால், தொப்பி வைத்த ஒரு காவலர். விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். "பழக்க தோஷம் சார். தொடுங்க, தொடுங்க."

"பார்த்துட்டுப் போறேனே."

"பார்க்கறதா? ஐயோ, பார்க்கறதெல்லாம் இப்ப கிடையாதுங்க. உத்தரவு வந்துடுச்சு. தொடாம யாரும் வெளிய போகக்கூடாது. தொட்டு முடிச்சாதான் அந்தச் சிவப்பு விளக்கு பச்சையாகும்."

"அப்ப வந்த வழியாவே போயிடறேன்."

"அது வர்ற வழிங்க."

மனுஷர் நல்லவர்தான். தலை நரைக்கிற வரைக்கும் 'தொடாதே' என்று விசிலடித்தே சம்பளம் வாங்கியவர். திடீரென்று ஒரு நாள் மாற்றிச் சொல் என்றால் வாய் வருமா? அவர் தலைக்கு மேலேயே அந்தப் பழைய பலகை தொங்கியது: 'யாரும் தொடாதீர்கள்.' அதை மாற்ற மனசில்லாமல், முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டித் திருத்தியிருந்தார்கள். இப்போது அது, 'பார்வையாளர் தவிர யாரும் தொடாதீர்கள்' என்று ஆகியிருந்தது.

"உள்ள என்னதாங்க இருக்கு?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் பார்வையாளர் இல்லையே" என்றார் காவலர். அவர் குரலில் கொஞ்சம் ஏக்கம் இருந்தது.

சரி, சனியனைத் தொட்டுத் தொலைத்துவிட்டு வெளியே போவோம் என்று வலது கையை விட்டேன். "முழங்கை போதாதுங்க, தோள் வரைக்கும்" என்றார். தோள் வரைக்கும் விட்டேன். முதலில் கம்பளி மாதிரி ஏதோ. அப்புறம் ஈரப் பஞ்சு. அப்புறம் குளுகுளுவென்று கல். அவ்வளவுதானா என்று கையை உருவப் போனபோது, 'புஸ்ஸ்' என்று ஒரு சத்தம். டாக்டர் ரத்த அழுத்தம் பார்க்கும்போது சுற்றுவாரே, அந்த மாதிரி ஒரு ரப்பர்ப் பட்டை முழங்கைக்கு மேலே இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"என்னய்யா இது!"

"பயப்படாதீங்க சார். அது உங்க நாடியைப் பார்க்குது. அடங்கினதும் விட்டுடும்."

"நாடி அடங்கினா எல்லாமேதான்யா விட்டுடும்!"

"ஐயையோ, அந்த அடங்கல் இல்லீங்க. அமைதியா ஆகறது. மனசு அமைதியானா பட்டை தானா தளர்ந்துடும். பதட்டப்பட்டா இறுக்கும். அதுதான் இதோட சூட்சுமமாம்."

நான் அமைதியானேன். சத்தியமாக ஆனேன். கண்ணை மூடிக்கொண்டேன், பட்டை தளர்கிற மாதிரி கூடத் தோன்றியது. அந்த நேரம் பார்த்து எதிரே ஸ்டேஷனில் ஒலிபெருக்கி கரகரத்தது. தங்கச்சி வரும் ரயில் உள்ளே நுழைகிறதாம். கொஞ்ச நேரத்தில் வாசல் பக்கமிருந்து ஒரு போன் மணி கேட்டது. என் போன். அடித்து நின்றது. மறுபடி அடித்தது.

"யாரோ விடாம கூப்பிடறாங்க பாவம்" என்றார் காவலர்.

பட்டை எலும்பைத் தேடியது.

"ஐயா, என் தங்கச்சி ஊரை விட்டே போறா. இந்த ரயில் போச்சுன்னா அப்புறம் எந்தக் காலத்துல பார்ப்பேனோ. என் இடுப்பைப் பிடிச்சு ஒரு இழு இழுங்க, புண்ணியமாப் போகும்."

காவலர் ரெண்டு அடி பின்னால் போனார். "தொடக்கூடாதுங்களே."

"சுவரைத் தொட வேணாம், என்னைத் தொடுங்க."

"தோள் வரைக்கும் உள்ள போயிட்டா நீங்களும் அதுல சேர்த்தி சார். படைப்பைத் தொட்டேன்னு எனக்கு வேலை போயிடும்." கையைப் பிசைந்துகொண்டு நின்றவர், "இருங்க, அம்மாவைக் கூப்பிடறேன்" என்று ஓடினார்.

வந்தவர் அனுபவ அதிகாரி. அப்படி ஒரு பதவி இருக்கிறது என்று அவரே சொன்னார். கழுத்து நிறைய பெரிய பெரிய மரமணி, முகம் நிறையப் பரிவு. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அருமை" என்றார்.

"அம்மா, கையை எடுத்துவிடச் சொல்லுங்கம்மா. ரயில் வந்துடுச்சு."

"நீங்க அவசரப்படறதால மாட்டிக்கிட்டீங்க. மாட்டிக்கிட்டதால அவசரப்படறீங்க. இதைத்தான் கலைஞர் சொல்ல வர்றார்."

"அவர் சொன்னது புரிஞ்சிடுச்சும்மா. நான் போகலாமா?"

"புரிஞ்சா போதாது. உணரணும்."

"நான் படைப்பில்லைம்மா, கண்ணாடிக்கடைக்காரன்."

"படைப்பு எங்க முடியுது, பார்வையாளர் எங்க ஆரம்பிக்கிறார்னு நாங்க கோடு போடறதில்லை."

"தோள்ல போடுங்கம்மா. அங்கதான் வலிக்குது."

அவர் சிரித்தார், ஆனால் போடவில்லை. சுவரிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் இறங்கி, காவலரின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு பிளக்கில் முடிவதை நான் அதற்குள் பார்த்துவிட்டேன். "அந்தப் பிளக்கைப் பிடுங்கினா தளர்ந்துடும் இல்லையா?"

"தளரும். ஆனா பிளக்கும் படைப்புதான். ஊழியர்கள் தொட முடியாது."

"அப்ப வேற யாராவது பார்வையாளர் பிடுங்கட்டும்!"

"'தொடுக'ன்னு சீட்டு ஒட்டின இடத்தை மட்டும்தான் பார்வையாளர் தொடலாம். பிளக்கில சீட்டு இல்லையே."

"ஒட்டுங்களேன்!"

"ஒட்டணும்னா ஊழியர் அதைத் தொடணுமே" என்றார் அதிகாரி, ஒரு குழந்தைக்குச் சொல்கிற பொறுமையோடு. இதைச் சொன்னபோது அவர் முகத்தில் கிண்டலின் நிழல் கூட இல்லை. கிண்டல் செய்கிறவரிடம் கெஞ்சலாம். நம்புகிறவரிடம் என்ன செய்வது?

போகும்போது அவர் காவலரிடம் ஏதோ சொன்னார். காவலர் ஒரு சீட்டைக் கொண்டுவந்து, என்னைத் தொட்டுவிடாமல், என் தலைக்கு மேலே சுவரில் மாட்டினார். சுவர் மட்டும் படைப்பில்லையா என்று கேட்டேன். மேல்பாதி கட்டடத்தைச் சேர்ந்ததாம். சீட்டில் 'தொடுக' என்று இருந்தது.

அதற்கப்புறம் ஜனங்கள் வந்தார்கள்.

மழைக்கு ஒதுங்கியவர்கள்தான் எல்லாம். வெளியே போக எதையாவது தொட்டாக வேண்டும், ஓட்டைக்குள் கைவிடப் பயம், என் தலைக்கு மேலே சீட்டு. ஒரு அம்மாள் என் காதைப் பிடித்து முறுக்கிப் பார்த்து, "நிஜம் மாதிரியே செஞ்சிருக்கான் பாருங்க" என்றார். அவர் வீட்டுக்காரர் என் கன்னத்தில் தட்டினார். "வெதுவெதுன்னு இருக்கு. உள்ள பல்பு வெச்சிருப்பான்."

"ஐயா, நான் மனுஷங்க! என்னை இழுத்துவிடுங்க!"

"பேசக்கூடச் செய்யுது!" என்று அந்த அம்மாள் கைதட்டினார். "என்ன ஒரு சோகம் பாருங்க குரல்ல. காசு குடுத்தது வீண் போகலை."

என் கத்தலை அவர்கள் கடைசி வரைக்கும் கேட்டுவிட்டுத்தான் போனார்கள். என்னைத் தொட்டதற்கு விளக்கு அவர்களுக்குப் பச்சையானது. எனக்கு ஆகவில்லை. அநியாயத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா?

அப்புறம் வந்தார் ஒருவர், பெரிய மீசைக்காரர். முகத்தைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. என் கடை வாடிக்கையாளர்! "சார், நல்ல நேரத்துல வந்தீங்க" என்றேன்.

"நல்ல நேரம்தான்" என்றார் அவர், சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துக்கொண்டே. "நாலு தடவை உங்க கடைக்கு வந்துட்டேன். ஒவ்வொரு தடவையும் 'பழகிடும், பழகிடும்'னு சொல்லி அனுப்பிட்டீங்க. இன்னும் மாடிப்படி ரெண்டு ரெண்டாத்தான் தெரியுது. எதுல கால் வைக்கறது?"

"கடைக்கு வாங்க சார், புதுசே போட்டுத் தர்றேன். முதல்ல அந்தப் பிளக்கை..."

"கடையில நீங்க உள்ள போய் ஒளிஞ்சுக்கறீங்க. இங்க எங்க போவீங்க?" என்றார். என் மூக்கின் மேல் அவர் கண்ணாடியை மாட்டி, "நீங்களே சொல்லுங்க, அந்த விளக்கு எத்தனை தெரியுது?" என்றார்.

ரெண்டு தெரிந்தது. ரெண்டும் சிவப்பு.

அவர் தன் மனைவி படியில் விழுந்தது வரைக்கும் சொல்லிவிட்டு, மனசாற என் தோளைத் தட்டி, பச்சை விளக்கு வாங்கிக்கொண்டு போனார். என் போன் அடிப்பது எப்போதோ நின்றிருந்தது. அவள் சலித்துப்போய் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள், 'பார்த்தீங்களா, இன்னிக்கும் தூங்கிட்டான்' என்று மாப்பிள்ளையிடம் சொல்லிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தபோது எனக்கு அழுகை முட்டியது. நான் இங்கே விழித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று அவளுக்கு யார் சொல்வது? பட்டை இன்னும் ஒரு சுற்று இறுகியது.

அப்போதுதான் சுவருக்குள் என் கை மேல் இன்னொரு கை இடித்தது.

அந்தப் பக்கத்து ஓட்டை வழியாக யாரோ விட்டிருக்கிறார்கள். வளையல் உரசியது. பாவம், அதற்கும் பட்டை விழுந்திருக்க வேண்டும், அடைத்துவைத்த கோழி மாதிரி படபடத்தது. நம்மைப் போல் ஒரு ஜீவன் என்று ஆறுதலாக லேசாகத் தட்டினேன். பளீரென்று ஒரு அடி விழுந்தது. சரிதான், யாரோ எவரோ, அவர்களுக்கு என்ன அவசரமோ என்று சும்மா இருந்தேன். கொஞ்ச நேரம் போனதும் அந்தக் கை தானாகவே வந்து என் கையின் மேல் படுத்துக்கொண்டது. ஜில்லென்று வேர்த்திருந்தது. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, அந்தக் கட்டடத்தில் அன்றைக்கு என்னிடம் மனுஷத்தன்மையோடு நடந்துகொண்டது அந்தக் கை ஒன்றுதான்.

கலைக்கூடத்தின் இயக்குநர் வந்தது அப்போதுதான். கூடவே நாலைந்து விருந்தாளிகள், கோட்டு போட்டவர்கள். அனுபவ அதிகாரி முன்னால் வழிகாட்டிக்கொண்டு வந்தார். இயக்குநர் என் பக்கத்தில் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பெரியோர்களே! ஒரு காலத்துல இந்தக் கலைக்கூடத்துக்கு யாருமே வரமாட்டாங்க. வந்தவங்களும் சுத்திமுத்திப் பார்த்துட்டு உடனே போயிடுவாங்க. மக்களைக் கலையோட எப்படிப் பிணைக்கிறதுன்னு நாங்க தூக்கமில்லாம யோசிச்சோம். இன்னிக்குப் பெருமையோட சொல்றேன், வந்தவங்க யாரும் போறதே இல்லை!"

விருந்தாளிகள் கைதட்டினார்கள்.

"வேற இடங்கள்ல மக்கள் கலையை விட்டுட்டுப் போயிடறாங்க. இங்க கலை மக்களை விடறதில்லை. இதோ, இந்தப் பார்வையாளரையே எடுத்துக்கங்க..."

"எடுத்துக்கிட்டுப் போயிடுங்க ஐயா, உங்களுக்குக் கோடிப் புண்ணியம்" என்றேன்.

"...இவர் இப்ப கத்தறார், கெஞ்சறார். இவ்வளவு ஆழமான உணர்ச்சியை ஒரு ஓவியம் குடுத்திருக்குமா? ஒரு சிலை குடுத்திருக்குமா? எங்க நோக்கம் ஒண்ணே ஒண்ணுதான். மக்கள் சுதந்திரமா இருக்கணும். அதுக்கு அவங்களை எவ்வளவு நேரம் பிடிச்சுவெக்கணும்னாலும் நாங்க தயாரா இருக்கோம்!"

மறுபடி கைதட்டல். அந்தக் கைதட்டலுக்கு நடுவே, எதிரே, ரயில் ஊதியது.

நீளமாக ஒரு தடவை. அப்புறம் குட்டையாக ஒரு தடவை. பெட்டிகள் ஒன்றோடொன்று இடித்து இழுபடுகிற சத்தம். அப்புறம் சக்கரம் உருள்கிற சத்தம், முதலில் மெதுவாக, அப்புறம் வேகமாக, அப்புறம் தூரத்தில். அப்புறம் மழை மட்டும்.

அவ்வளவுதான். போய்விட்டாள். ரெண்டு வருஷம் கழித்து ஒரு வாய்ப்பு கொடுத்தாள், அதையும் நான் ஒரு சுவருக்குள் விட்டுவிட்டேன். எனக்குக் கத்தவும் தோன்றவில்லை, அழவும் தோன்றவில்லை. இனி ஓடிப்போய்ச் சேர வேண்டிய இடம் எதுவும் இல்லை. உடம்பு அப்படியே துவண்டது. சுவரில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டேன்.

'புஸ்ஸ்' என்றது. பட்டை தளர்ந்தது.

"பார்த்தீங்களா!" என்று அனுபவ அதிகாரி கூவினார். அவர் கண்ணில் நிஜமாகவே நீர். "வந்துடுச்சு! அமைதி வந்துடுச்சு!"

"தொடுகையே விடுதலை!" என்றார் இயக்குநர். விருந்தாளிகளில் ஒருவர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தடுப்பின் மேல் விளக்கு பச்சையானது. காவலர் மட்டும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார்.

இனி பச்சையானால் என்ன, கறுப்பானால் என்ன? கையை மெல்ல உருவத் தொடங்கினேன்.

உள்ளே இருந்த கை என்னை விடவில்லை. திடீரென்று அதற்கு என்ன ஆத்திரமோ, என் கையைப் புரட்டிப் போட்டுக் கட்டைவிரலைப் பிடித்து இழுத்தது. 'டக்' என்றது. ஆள்காட்டி விரல், 'டக்.' நடுவிரல், 'டக்.' மோதிரவிரல், 'டக்.' நான் மூச்சை நிறுத்திக்கொண்டேன். சுண்டுவிரலை முறுக்கியது. சத்தம் வரவில்லை. இன்னொரு முறுக்கு. வரவில்லை. நுனியில் நறுக்கென்று ஒரு கிள்ளு விழுந்தது.

என் நெஞ்சு தாவிய தாவலில் பட்டை 'புஸ்ஸ்' என்று பாய்ந்து வந்து கையைக் கவ்வியது. பச்சை விளக்கு சிவப்பானது. நான் அதையெல்லாம் பார்க்கவில்லை. ஓட்டையின் ஓரமாக வாயை வைத்து, "ஏம்மா!" என்று கத்தினேன்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, கிணற்றுக்குள் பேசுகிற மாதிரி, "யாரது?" என்று கேட்டது.

"இப்ப கிள்ளினியே, அந்தச் சுண்டுவிரலுக்குச் சொந்தக்காரன்."

"அண்ணா?" குரல் உடைந்தது. உடனே நிமிர்ந்தும்விட்டது. "அறிவிருக்கா உனக்கு? எத்தனை தடவை போன் பண்றது? நீ தூங்கிட்டேன்னு நினைச்சு இழுத்துட்டுப் போகலாம்னு வந்தேன். தொடாம வெளிய போகக்கூடாதுன்னுட்டாங்க. யாரோ ஒரு தடியன் கை வேற உள்ள வந்து தட்டுது, ஓங்கி ஒண்ணு விட்டேன்."

"வாங்கிக்கிட்டேன்."

"ரயில் போயிடுச்சு அண்ணா."

"கேட்டுச்சு. மாப்பிள்ளை?"

"பெட்டியெல்லாம் வெச்சுக்கிட்டு அவர் போயிட்டார். விமானம் நாளன்னைக்குத்தான், காலை ரயில்ல போய்ச் சேர்ந்துக்கலாம். ஆனா அவர் என்ன பண்றாரோ தனியா."

"பாடிக்கிட்டிருப்பார்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். இன்னும் ரெண்டு வருஷம் போச்சு என்று நினைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் என்னமோ சத்தம் வந்தது. அழுகிறாளா என்று காதை வைத்துக் கேட்டால், சிரிக்கிறாள். சின்னப் பிள்ளையில் சிரிப்பாளே, மூச்சு பிடிக்காமல், அந்தச் சிரிப்பு.

"அன்னிக்கு நான் தூங்கியிருக்கக் கூடாதும்மா" என்றேன்.

"நானும்தான் தூங்கினேன். கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டுத் தூங்கினேன். உனக்கு அந்த சாமர்த்தியம் கிடையாது."

நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்தது, பட்டை இறுக்கிய இறுக்கில் கை மரத்தே போய்விட்டது. போகட்டும்.

விருந்தாளிகள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். கலைக்கூடம் மூடுகிற நேரம். உள்ளே பார்வையாளர் இருந்தால் கதவைப் பூட்டக்கூடாது என்று இன்னொரு உத்தரவு இருக்கிறதாம், பூட்டாமல் ஊழியர் யாரும் வீட்டுக்குப் போகக்கூடாதாம். காவலர் நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டார். முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

"சார், கொஞ்சம் அமைதியாகுங்க" என்றார் அனுபவ அதிகாரி.

"முடியலைம்மா."

"மூச்சை மெதுவா இழுத்து விடுங்க."

இழுத்தேன். அந்தப் பக்கத்திலிருந்து, "யாரு அண்ணா அது, பாட்டு டீச்சரா?" என்று கேட்டாள். மூச்சு சிரிப்பாக வெளியே போயிற்று.

இயக்குநர் முன்னால் வந்தார். கோட்டுப் பொத்தானைக் கழற்றிவிட்டிருந்தார், நெற்றியில் வேர்வை. என் காதோரம் குனிந்து, விருந்தாளிகளுக்குக் கேட்காத குரலில் கெஞ்சினார்.

"சார், உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். கொஞ்ச நேரம் முன்னாடி இருந்தீங்களே, அந்த மாதிரி கொஞ்சம் வருத்தமா இருங்களேன்."

"இருந்து பார்க்கறேங்க" என்றேன். உள்ளே அவள் மறுபடியும் கட்டைவிரலிலிருந்து ஆரம்பித்திருந்தாள்.